இருபதுக்குக் கீழே

என் கொழுந்தியாள் ஒரு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், அன்றைக்கு எனக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்று அர்த்தம். பழைய மின்சாரக் கார்களை வாங்கி விற்கும் கடை என்னுடையது. எங்கள் சாலையில் வரிசையாக ஒன்பது கடைகள். அவள் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே, "இருபதுக்காரி வந்துட்டா" என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் செய்தி போய்விடும். மற்ற எட்டுக் கடைக்காரர்களுக்கு அவள் வெறும் தொல்லை. எனக்கோ மனைவியின் தங்கை. விரட்டவும் முடியாது, வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

கார் வாங்குகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவள் காரைச் சோதித்து, நல்லது கெட்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். இந்த வேலையைச் செய்கிறவர்கள் வேறு நாலு பேர் இருக்கிறார்கள். நல்லவர்கள். ஒரு சின்னக் கருவியைக் காரில் மாட்டுவார்கள், பத்து நிமிடத்தில் பேட்டரி தொண்ணூறு சதவீதம் நலம் என்று சீட்டு வரும், கை குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் மட்டும் சார்ஜ் இருபதுக்குக் கீழே இறங்கிப் பத்தை நெருங்கும்வரை பேனா மூடியைக்கூடத் திருக மாட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. அது கொஞ்சம் மிகை. பேனாவைத் திறந்து அளவுகளை எழுதிக்கொண்டேதான் இருப்பாள். கையெழுத்துத்தான் வராது.

காலையில் முழு சார்ஜோடு நிற்கும் காரை எடுத்துக்கொண்டு வெளிவட்டச் சாலையில் சுற்றுவாள். முப்பதுக்கு வந்ததும் என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாள். அப்புறம் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, ஜன்னல்களை இறக்கிவிட்டு, மடியில் தாளோடு உட்கார்ந்துவிடுவாள். கொளுத்துகிற வெயிலில் காசு வாங்கிக்கொண்டு ஹீட்டர் முன்னால் உட்காரும் ஒரே பிறவி உலகத்திலேயே அவள்தான். கால் மணிக்கு ஒரு தடவை ஃபோனில் பேட்டரி செல்களின் அளவைப் பார்த்து, எல்லாவற்றிலும் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்று குறிப்பாள். வியர்வை வழியும். துடைத்துக்கொள்வாள். பெருமூச்சு விடுவாள். மறுபடி உட்கார்ந்திருப்பாள். பார்க்கிற எனக்கே அலுத்துவிடும்.

"ஏன் கொழுந்தியா, அந்தக் கருவிதான் நல்லா இருக்குன்னு சொல்லுதே. நீ எதுக்கு இப்படி வெந்து சாகறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நிறைஞ்சிருக்கறப்ப எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான் அத்தான். நலிஞ்ச செல் ஒண்ணு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். காலியாகப் போறப்பதான் வெளிய வரும்."

"மனுஷனும் அப்படித்தான்கிறியா?"

"மனுஷனைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் செல்லைத்தான் பாத்திருக்கேன்."

அது உண்மை. இருபத்திரண்டு வருடம் அவள் தொலைபேசி நிலையத்தின் பேட்டரி அறையில் வேலை பார்த்தாள். தரைக்குக் கீழே ஒரு நீண்ட அறை. இடுப்பு உயரத்துக்கு இரண்டு வரிசை பேட்டரிகள். அமிலம் தெறித்து அவளுடைய துணிகளிலெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். மின்சாரம் போனால் ஊர் முழுக்கத் தொலைபேசி அந்த பேட்டரிகளில்தான் ஓட வேண்டும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவற்றை வேண்டுமென்றே காலி செய்து பார்ப்பார்கள். பத்து மணி நேர வேலை. அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு செல்லாகப் போய் அளவெடுத்து எழுத வேண்டும். கூட வேலை செய்தவர்கள் முதல் நாலு அளவை எடுத்துவிட்டு, மீதியை உத்தேசமாக எழுதிவிட்டு சீட்டாடப் போய்விடுவார்கள். இவள் போக மாட்டாள். அவர்களுடைய தாள்களைப் பார்த்ததுமே எந்த வரியிலிருந்து பொய் ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவாள். உண்மையான அளவுகள் ஒரு மாதிரி கோணல்மாணலாக இறங்குமாம், பொய் அளவுகள் படிக்கட்டு மாதிரி அழகாக இறங்குமாம். அங்கேயும் அவளை யாருக்கும் பிடிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

நிலையத்தை மூடி ஐம்பதாவது வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் சும்மா இருந்தாள். அப்போதுதான் நான் முதன்முதலாக விற்பதற்காக ஒரு மின்சாரக் கார் வாங்கிவிட்டு, "பேட்டரி உனக்குத் தெரியுமே, வந்து ஒரு பார்வை பாரேன்" என்று கூப்பிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

வெள்ளைக் கார். பளபளவென்று இருந்தது. அவள் முதலில் சார்ஜ் போடும் சாக்கெட்டின் மூடியைத் திறந்து மூக்கை வைத்து மோந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு முனை கறுத்திருக்கு பாருங்க. சூடேறிச் சூடேறித் தீஞ்சிருக்கு. இன்னும் ஆறு மாசத்துல சார்ஜே ஏறாது."

அப்புறம் தரையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் பேட்டரிப் பெட்டியை விரலால் தடவினாள். கல்லில் இடித்த நசுங்கல் ஒன்று கையில் பட்டது. சக்கரங்களைத் திருப்பச் சொன்னாள். வெளியே புதுசாகத் தெரிந்த டயர்கள் உள்விளிம்பில் வழுக்கையாக இருந்தன. மின்சாரக் கார் கனம் அதிகம், கொஞ்சம் கோணினாலும் டயரைத் தின்றுவிடும் என்றாள். பிரேக்காவது தேயாமல் இருக்கிறதே என்று நான் ஆறுதல்பட்டேன்.

"தேயாம இல்ல அத்தான், வேலையே செய்யாம துருப்பிடிச்சுக் கெடக்கு. வேகத்தைக் குறைக்கற வேலையெல்லாம் மோட்டாரே பாத்துக்கும். பிரேக் சோம்பேறி ஆயிடும். வேணுங்கறப்ப பிடிக்காது."

"மீட்டர்ல முந்நூறு கிலோமீட்டர் ஓடும்னு காட்டுதே?"

"வித்தவர் போன வாரம் மாட்டு வண்டி வேகத்துல ஓட்டியிருப்பார். அதை வச்சு அது உங்களுக்கு ஐஸ் வைக்குது."

அந்தக் காரை நான் நஷ்டத்துக்குத்தான் தள்ளினேன். ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. கேள்விப்பட்டு ஒருவர் கூப்பிட்டார், அப்புறம் பத்துப் பேர் கூப்பிட்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள், அவள் தாளில் பொய் இருக்காது என்று பெயர் வந்துவிட்டது. அவளிடம் வேறு சொத்து எதுவும் இல்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது. அது போன கதையைத்தான் சொல்ல வந்தேன். போனதில் என் பங்கும் உண்டு.

போன வருடக் கோடையில் ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து சின்ன நீலக் கார் ஒன்று வாங்கினேன். சாவியைக் கொடுக்கும்போது அவர், "இருபதுக்குக் கீழ மட்டும் விடாதீங்க சார், கொஞ்சம் அடம்பிடிக்கும்" என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்குக் கேட்காத மாதிரி சாவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதை வாங்க வந்தவள் ஒரு நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வரும் வேலை. ஒரு நாளைக்கு எட்டு வீடு, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். அவளுடைய பழைய ஸ்கூட்டர் நடுவழியில் உயிரை விட்டிருந்தது. கார் பிடித்திருந்தது. "ஆனா இருபதுக்காரி அக்கா பாத்துச் சொன்னாத்தான் எடுப்பேன்" என்றாள்.

அந்தச் சமயத்தில் என் சகலை, அதாவது கொழுந்தியாளின் கணவர், வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பது நாளாக அவள் ராத்திரி முழுக்க அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பகலில் வீட்டு வேலை. நான் கூப்பிட்டதும், "அடுத்த வாரம் பாக்கலாமா அத்தான்? கண்ணைத் திறக்க முடியல" என்றாள்.

"அடுத்த வாரம்னா அந்தப் பொண்ணு வேற கடைக்குப் போயிடும்மா. அதுக்கும் அவசரம். ஒரு நாள்தானே" என்றேன்.

வந்தாள். முகம் வீங்கி இருந்தது. சாக்கெட், டயர், பிரேக், அடிப்பக்கம் எல்லாம் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளிவட்டச் சாலையில் ஓட்டி முப்பதுக்குக் கொண்டுவந்து ஒரு மணிக்கு வாசலில் நிறுத்தினாள். ஹீட்டரைப் போட்டாள். தாளில் நேரங்களை முதலிலேயே வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது அவள் பழக்கம். பேட்டரி அறையில் வந்த பழக்கம். ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றே முக்கால் என்று மூன்று மணிவரை எழுதி, பக்கத்துக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாள்.

அந்த மாடல் காருக்கு ஒரு குணம் உண்டு. நிறுத்தி வைத்த காரில் யாரும் பிரேக்கையோ கதவையோ தொடாவிட்டால் அரை மணியில் தானே அணைந்துவிடும். அதனால் அவள் ஒவ்வொரு முறை அளவு குறிக்கும்போதும் பிரேக்கை ஒரு மிதி மிதித்துக்கொள்வாள். ஒன்றே முக்காலுக்கு மிதித்தாள். இரண்டு மணிக்கு நான் என் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் தலை சாய்ந்திருந்தது.

நான் எழுந்து போனேன். எழுப்பத்தான் போனேன், அதில் சந்தேகம் வேண்டாம். பேனா விரல்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது. ஹீட்டர் காற்றில் நெற்றி மயிர் ஆடிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மீட்டரில் இருபத்து நாலு. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். ஆசிரியர் சொன்னது அப்போதுதான் எனக்கு நன்றாகக் கேட்டது.

கையை இறக்கினேன். கடைக்குள் போய், கார் முன் கண்ணாடியில் வைக்கும் வெயில் மறைப்பு ஒன்றை எடுத்து வந்தேன். வெள்ளி நிறத்தில், என் கடைப் பெயர் அச்சடித்தது, வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது. கதவைத் திறக்காமல், அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவள் முகத்தில் வெயில் படாதபடி நிறுத்தினேன். கார் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "பம்பை நிறுத்துங்க, பாவம், தூங்கறா" என்றேன். அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். எனக்கே கொஞ்ச நேரம் நான் நல்லவன் என்றுதான் தோன்றியது.

இரண்டேகாலுக்குக் கார் தானாக அணைந்தது. ஹீட்டர் சத்தம் நின்றதும் அவள் இன்னும் ஆழமாகத் தூங்கினாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விழித்தாள். நர்ஸ் நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்க வருவார். ஜன்னலிலிருந்து எனக்கு அவளுடைய கை மட்டும் தெரிந்தது. முதலில் மறைப்பைத் தொட்டது. அப்புறம் எழுத ஆரம்பித்தது.

தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். இருபத்து ஒன்று, பதினெட்டு, பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது. எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. படிக்கட்டு மாதிரி அழகாக இறங்கியது. அடியில் கையெழுத்து.

"நல்லா இருக்கு" என்றாள், சுவரைப் பார்த்து.

"டீ சாப்பிடறியா?"

"வேணாம். நேரமாச்சு."

அவள் தெரு திரும்பியதும் நான் ஓடிப்போய்க் காரை சார்ஜில் மாட்டினேன். தாளில் ஒன்பது என்றும் மீட்டரில் இருபத்திரண்டு என்றும் இருந்தால் நன்றாகவா இருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேர் சேர்ந்து சோறு அள்ளிப் போட்டோம், ஒருவரோடு ஒருவர் பேசாமலே.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். "தங்கச்சி ஃபோன் பண்ணினா. தூங்கிட்டாளாம், நீங்க வெயில் படாம மறைப்பு வச்சீங்களாமே. உங்களுக்கும் உள்ள ஒரு மனசு இருக்கே!"

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டியதற்குப் பாராட்டு. நான் கை கழுவப் போனேன். ஆக, நான் பார்த்தேன் என்பது கொழுந்தியாளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவள் என் கடைப்பக்கம் வரவில்லை. மற்றக் கடைகளுக்குப் போனாள். சகலை வீடு திரும்பி, ஊன்றுகோலோடு கூடத்தில் நடந்தார். குடும்பமாகப் பார்த்துக்கொண்டபோது அவளும் நானும் வானிலையைப் பற்றிப் பேசினோம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அப்படிக்கூட இல்லை. சும்மா ஒரு அசதி. காலையில் கடையைத் திறக்கும்போதே சாயங்காலம் ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

ஒருநாள் பத்து மணிக்கு அவள் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நர்ஸ் ஃபோன் பண்ணாங்க. மூணு நாள் முன்னாடி கார் பதினேழுல திடீர்னு சீரோ காட்டி நடுரோட்டுல நின்னுடுச்சாம். மருந்துப் பையைத் தூக்கிக்கிட்டு நாலு கிலோமீட்டர் நடந்திருக்காங்க. அந்த வீட்டுப் பெரியவர் கட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் காலை நீட்டிக் காத்துக்கிட்டு இருந்திருக்கார்."

"ஐயையோ."

"அதுக்காக என்னைத் திட்ட ஃபோன் பண்ணல அத்தான். 'அக்கா, நீங்க பாத்துக் கொடுத்த வண்டி, நான்தான் ஏதோ தப்பா ஓட்டியிருக்கேன், என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க'ங்கறாங்க." அதையே மறுபடி சொன்னாள். "அவங்க தப்பு பண்ணினாங்களாம்."

நான் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து வைத்தேன்.

"காரைத் திருப்பி எடுத்துக்கோங்க. அவங்க கொடுத்ததை முழுசாக் கொடுத்துடுங்க" என்றாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு சரி என்று சொல்லியிருக்கலாம். வியாபாரியின் வாய் அப்படிப் பழகவில்லை. "அதெப்படிம்மா? மூணு மாசம் ஓட்டின வண்டி. நல்லா இருக்குன்னு உன் தாள்ல எழுதியிருக்கு. ஒம்போது வரைக்கும் இறங்கிச்சுன்னு உன் கையெழுத்தோட இருக்கு."

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அசந்து போய்ப் பார்த்தாள்.

"ஆமா, பொய் எழுதினேன். இருபத்திரண்டு வருஷம் யார் யாரையெல்லாமோ கேவலமாப் பேசினேன். ஒருநாள் தூக்கத்துல என் கையும் அதையே எழுதிடுச்சு." கைப்பையைத் திறந்தாள். நாலாக மடித்த வெள்ளி மறைப்பை எடுத்து, கடைப் பெயர் மேலே தெரிகிற மாதிரி மேஜையில் வைத்தாள். "இது உங்களுது. திருப்பிக் கொடுக்கணும்னு மூணு மாசமா பையிலயே வச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் எழுந்து கார் சாவியை எடுத்தேன்.

நர்ஸ் வீடு மூன்றாவது மாடி. கார் கீழே நின்றது, இருபத்தெட்டு சார்ஜ். கொழுந்தியாள் முதலில் எதையும் விளக்காமல், "சிஸ்டர், கொஞ்ச நேரம் என்கூட உக்காருங்க" என்று நர்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்து ஹீட்டரைப் போட்டாள். நான் வெளியே நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இருபத்திரண்டு, இருபது, பத்தொன்பது. பதினெட்டில் ஒரு செல் தனியாகக் கீழே போனது. ஃபோனைத் திருப்பி நர்ஸிடம் காட்டினாள். மற்றவையெல்லாம் ஒரே வரிசையில் நிற்க, அது மட்டும் சரிந்துகொண்டே போயிற்று. மீட்டர் பதினேழிலிருந்து நேராக சீரோவுக்கு விழுந்து, பேட்டரி தீர்ந்தால் வரும் ஆமைப் படம் போட்ட விளக்கு எரிந்தது.

"நீங்க எந்தத் தப்பும் பண்ணல. அன்னிக்கு இதை நான் பாத்திருக்கணும். தூங்கிட்டேன். எழுந்து, பாத்த மாதிரி எழுதிட்டேன்" என்றாள் கொழுந்தியாள்.

நர்ஸ் ரொம்ப நேரம் அந்த ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உடம்பு முடியலன்னா சொல்லியிருக்கலாமேக்கா. நான் ஒரு வாரம் பஸ்ல போயிருப்பேன்" என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "பிரேக், டயர் எல்லாம் பாத்தேன்னு எழுதினீங்களே, அதாவது நிஜமா?"

"நிஜம்."

"ம்" என்றாள். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்புறம் காரிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். "நீங்களாவது நல்ல மனுஷனா இருக்கீங்க சார். மூணு மாசம் கழிச்சும் மறு பேச்சு பேசாம வண்டியை எடுத்துக்கறீங்க. ரொம்ப நன்றி."

கொழுந்தியாள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அவள் சொல்லவில்லை. நான் சொல்வேனா என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். "பரவாயில்லம்மா" என்றேன் நான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்கு மாதிரி நான் என்னை வெறுத்தது கிடையாது.

விஷயம் சாலை முழுக்கப் பரவியது. நர்ஸ் யாரிடமும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. கொழுந்தியாளே தன்னைக் கூப்பிட்டவர்களிடமெல்லாம், "முன்னாடி ஒரு தாள்ல பொய் எழுதியிருக்கேன், தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிப் பேர் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எட்டுக் கடைக்காரர்களும் சந்தோஷப்பட்டார்கள். நீலக் கார் என் கடைப் பின்பக்கத்தில் நிற்கிறது. அதை விற்கவில்லை. நானே ஓட்டுகிறேன், முப்பது ஆனதும் சார்ஜ் போட்டுவிடுகிறேன்.

போன வாரம் ஒரு தபால்காரர் என்னிடம் சாம்பல் நிறக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய கதை தெரிந்தும் வந்தவர். ஒன்றரை மணிக்கு ஹீட்டரைப் போட்டுவிட்டு அவள் என் அறைக்கு வந்தாள். அவளுக்கு இன்னும் சரியான தூக்கம் இல்லை. சகலை ராத்திரியில் இரண்டு தடவை எழுப்புகிறார், எழுந்து நிற்க இன்னமும் ஒரு ஆள் வேண்டும்.

"அத்தான், வந்து பக்கத்து சீட்டுல உக்காருங்க."

"நானா? அந்த அடுப்புலயா?"

"தூங்கினா எழுப்ப ஒரு ஆள் வேணும்."

"கார் கழுவறவரைக் கூப்பிட்டுக்கோயேன்."

"வேணாம். நீங்கதான் எழுப்பணும்" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அனல் முகத்தில் அடித்தது. இத்தனை வருடம் இவள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாளா என்று அப்போதுதான் உறைத்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவள் இருபத்தாறு என்று எழுதினாள். இருபத்து நாலு என்று எழுதினாள். வீட்டுக் கதை ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. பேனா விரல்களுக்கு நடுவில் இருந்தது.

சாம்பல் நிறக் காரை எனக்கு விற்றவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார். அது எனக்கு ஞாபகம் வந்தது. தபால்காரர் மூன்று மணிக்குத்தான் வருவார் என்பதும் ஞாபகம் வந்தது. மீட்டரில் இருபத்திரண்டு. அது இருபத்தொன்று ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொழுந்தியா" என்று அவள் தோளைத் தட்டினேன். "எழுந்திரு. மணி ரெண்டேகால்."

திடுக்கிட்டு விழித்தாள். பிரேக்கை மிதித்தாள். ஃபோனைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"அஞ்சு நிமிஷம்."

"உடனே எழுப்பியிருக்கலாமே?"

பொய் சொல்ல நிறைய இருந்தது. பாவமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம்.

"அஞ்சு நிமிஷம் யோசிச்சேன்" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருபத்தொன்று என்று தாளில் எழுதினாள். "ஹீட்டரை இன்னும் கூட்டி வைங்க அத்தான்" என்றாள்.